தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) பழக்கொடி: நன்றாகப் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை

கேள்வி: காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் கிழக்குச் சுற்றுச்சுவரை ஒட்டி மஞ்சள் பழ வகைத் தாட்பூட் கொடி ஒன்று வளர்கிறது. நாகர்கோவில் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து வந்த ஒரே பழத்தின் விதையிலிருந்து முளைத்த கன்று அது. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே இரும்புக் குழாயில் போட்ட பந்தலை முழுவதும் மூடிவிட்டு, இப்போது பக்கத்தில் நிற்கும் முருங்கையையும் பிடித்துக்கொண்டது. கோடையில் நாங்கள் ஊரில் இல்லாதபோது பல நாட்கள் தண்ணீரே இல்லாமல் கிடந்தும் பட்டுப்போகவில்லை. மீண்டும் தண்ணீர் கண்டதும் அடியிலிருந்து புதுத் தளிர் விட்டது. அந்த வகையில் இதைப்போல உறுதியான கொடியை நான் பார்த்ததில்லை.

சிக்கல் காய்ப்பில்தான் இருக்கிறது. சித்திரை மாதத்திலிருந்து தினமும் பூக்கிறது. நண்பகலில் விரிகிற பூ இரவில் கூம்பிவிடுகிறது. அடுத்த ஓரிரு நாட்களில் காம்பு மஞ்சளாகி, கணு அருகே கழன்று விழுந்துவிடுகிறது. பூக்கள் ஏராளமாக வந்தும் இதுவரை ஒரு பிஞ்சு நிற்கவில்லை. தொழுவுரமும் கடலைப்புண்ணாக்குக் கரைசலும் தொடர்ந்து இட்டு வருகிறேன். நாற்றுப்பண்ணையில் கேட்டபோது யூரியா இடச் சொன்னார்கள், அதையும் சிறிதளவு இட்டேன். இலைதான் இன்னும் பெரிதானது. இது ஆண் கொடி, வெட்டி எறிந்துவிட்டு வேறு வையுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பற்றாததற்கு, முள் முளைத்த செம்பழுப்பு நிறப் புழுக்கள் கூட்டமாக வந்து தளிரைத் தின்றுகொண்டிருக்கின்றன.

மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இது உண்மையிலேயே ஆண் கொடியா? இதை நீக்கிவிட்டுக் கொடைக்கானலில் விற்கும் ஊதா நிறப் பழத்தின் விதையைப் போட்டால் காய்க்குமா? புழுவுக்கு மருந்து அடிக்கலாமா?


பதில் 1: மலைச்சாரல் (தாண்டிக்குடி)

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் குடகிலும் விளையும் ஊதா வகைக்குக் குளிர்ந்த மலைக் காலநிலைதான் ஏற்றது. பழத்தை வாங்கி விதையைச் சமவெளியில் போட்டால் கன்று முளைக்கும், கொடியும் படரும். ஆனால் திருச்சி வெயிலில் அது ஒழுங்காகப் பூத்துக் காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுற்றுலா வந்து பழம் வாங்கிப் போகிறவர்கள் பலரும் விதையை எடுத்து வைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். ருசிக்காக வாங்குங்கள், விதைக்காக வாங்காதீர்கள்.

ஊதா வகைக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. வேர்வழியாக ஏறும் பூசண வாடல் நோய்க்கு அது எளிதில் ஆளாகும். நேற்று வரை செழிப்பாக நின்ற கொடி ஒரு பக்கம் துவண்டு, சில நாட்களில் முழுதாகக் காய்ந்துவிடும். மஞ்சள் வகையின் வேர் அந்த நோயைத் தாங்கும் என்பதால்தான் ஊதாக் கிளையை மஞ்சள் நாற்றின் மேல் ஒட்டுக் கட்டி வளர்க்கிறார்கள். ஆக, நீங்கள் வெட்டி எறிய நினைக்கும் கொடியின் வேரைத்தான் மலையில் உள்ளவர்கள் தேடுகிறார்கள். குடகின் செட்டள்ளியில் உள்ள தோட்டக்கலை ஆய்வு நிலையம் இரு வகைகளையும் இணைத்து 'காவேரி' என்ற கலப்பினத்தை உருவாக்கியிருக்கிறது. நம்பகமான இடத்தில் அந்த நாற்று கிடைத்தால் துணைக்கு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

காய் பிடிக்காததற்கு யூரியாதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையும் தண்டுமாகப் போகும். அதை உடனே நிறுத்திவிட்டுச் சாம்பலும் மக்கிய தொழுவுரமும் மட்டும் இடுங்கள். எங்கள் தோட்டத்தில் மகரந்தச் சேர்க்கைக்கு என்று தனியாக எதுவும் செய்வதில்லை. வண்டும் தேனீயும் பார்த்துக்கொள்கின்றன.


பதில் 2: பந்தல்நிழல் (மார்த்தாண்டம்)

சகோதரிக்கு வணக்கம். மலைச்சாரல் ஐயா ஊதா வகை பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. யூரியாவை நிறுத்தச் சொன்னதும் சரி. ஆனால் உங்கள் கொடி காய்க்காததற்கு யூரியா காரணமாக இருக்க முடியாது என்றே கருதுகிறேன். தழைச்சத்து மிகுந்தால் பூ குறையும். உங்கள் பந்தலில் பூவுக்குப் பஞ்சமே இல்லை. பூத்த பிறகு உதிர்கிறது என்றால், சூல் கருவுறவில்லை என்றே முதலில் எண்ண வேண்டும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'ஒரே பழத்தின் விதையிலிருந்து முளைத்த கன்று' என்ற குறிப்பும், தோட்டத்தில் வேறு கொடி இல்லை என்பதும்தான். தாட்பூட்டில் ஆண் கொடி, பெண் கொடி என்ற பிரிவே கிடையாது. ஒவ்வொரு பூவிலும் ஐந்து மகரந்தப்பைகளும், மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகளும் இருக்கின்றன. வேண்டுமானால் நாளைப் பகலில் ஒரு பூவைப் பக்கவாட்டில் திருப்பி எண்ணிப் பாருங்கள். இருந்தும் மஞ்சள் வகை தன் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. ஒரு பூவின் மகரந்தத்தை அதே கொடியின் வேறொரு பூவில் தடவினாலும் பயன் இல்லை. அந்தக் கொடியில் துண்டு வெட்டிப் பதியம் போட்டு வளர்த்த இன்னொரு கொடியும் இந்த வகையில் அதே கொடிதான். ஊதா வகை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதனால்தான் மலையில் ஒற்றைக் கொடி வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிவதில்லை. சமவெளியில் ஒற்றை மஞ்சள் கொடி வைத்தவர்கள் பலர் இந்தக் காரணம் தெரியாமலே நல்ல கொடியை வெட்டிவிடுகிறார்கள்.

எனவே உங்களுக்குத் தேவை, மரபுவழியில் வேறுபட்ட இன்னொரு மஞ்சள் கொடி. ஒரே பழத்தின் விதைகளில் வந்த கன்றுகள் உடன்பிறப்புகள் என்பதால் சில வேளைகளில் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்காமல் போகலாம். வேறு ஊரில், வேறு கொடியில் விளைந்த பழத்தைக் கேட்டு வாங்குங்கள். சதையை ஓரிரு நாள் அப்படியே புளிக்கவிட்டு, விதையைச் சுற்றியுள்ள சவ்வு கரைந்ததும் கழுவி, நிழலில் உலர்த்தி, தாமதிக்காமல் விதையுங்கள். விதை பழையதாக ஆக முளைப்பு குறையும். இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் முளைத்துவிடும்; பூக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். இரண்டு கொடிகளும் ஒரே பந்தலில் பின்னிக்கொள்வதில் தவறில்லை, நல்லதும்கூட. ஆனால் அடிப்பகுதிகளுக்கிடையே ஏழெட்டு அடியாவது இடைவெளி வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் மஞ்சள் தாட்பூட் வைத்திருக்கும் யாரையேனும் கண்டுபிடித்து, பகலில் விரிந்த இரண்டு மூன்று பூக்களை ஒரு சிறு டப்பாவில் வாங்கி வந்து அன்று மாலைக்குள் உங்கள் பூக்களில் தடவுங்கள். செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நேரம் தவறினால் உழைப்பு வீண்.

மஞ்சள் வகைப் பூ நண்பகலை ஒட்டி விரியும். விரிந்தவுடன், சூல்முடிகளைத் தாங்கும் மூன்று சூல்தண்டுகளும் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். மகரந்தப்பைகள் அவற்றுக்குக் கீழே கிடைமட்டமாகத் தொங்கும். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சூல்தண்டுகள் மெல்ல வளைந்து இறங்கி, மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு வந்து நிற்கும். சூல்முடி ஒவ்வொன்றும் பச்சை கலந்த வெளிர் நிறத்தில் சிறு பொத்தான் வடிவில் இருக்கும். அதைத்தான் தொட வேண்டும். வந்த பூவின் மகரந்தப்பையை விரல் நுனியிலோ மென்மையான தூரிகையிலோ உரசினால் மஞ்சள் பொடி ஒட்டும். அதை மூன்று சூல்முடிகளிலும் தாராளமாகப் பூசுங்கள். ஒவ்வொரு விதையும் தனித்தனியாகக் கருவுற வேண்டும், விதையைச் சுற்றித்தான் சாறுள்ள சதை உண்டாகிறது. ஆகவே பொடி குறைந்தால் பழம் பெரிதாக இருந்தாலும் உள்ளே பாதி வெறுமையாக இருக்கும். சில பூக்களில் சூல்தண்டுகள் கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும். அவை காய்க்காது, அவற்றிலிருந்து மகரந்தம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

பூ இரவு வரை விரிந்திருப்பதால் திருச்சி வெயிலில் நடுப்பகலில் நின்று இந்த வேலையைச் செய்ய வேண்டாம். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் செய்யுங்கள். மழை பெய்தாலோ பந்தலுக்குத் தண்ணீர் தெளித்தாலோ மகரந்தத் துகள் ஈரத்தில் வெடித்துப் பயனற்றுப் போகும். சேர்க்கை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரமாவது பூ நனையக்கூடாது. கடும் கோடையில் சரியாகச் செய்தும் சில உதிரும். அதை வைத்து முயற்சியைக் கைவிட வேண்டாம். சேர்க்கை பலித்திருந்தால் நான்கைந்து நாளில் பூவிதழ் வாடிய பிறகும் காம்பு பச்சையாக நிற்கும், அதன் நுனியில் பிஞ்சு பருக்கத் தொடங்கும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் காய் முழு அளவை எட்டிவிடும்; பழுக்க இரண்டிலிருந்து இரண்டரை மாதம் ஆகும். பழுத்தால் தானே விழும். கார் பந்தலுக்குக் கீழே நிற்கிறது என்கிறீர்கள், அந்தப் பருவத்தில் பந்தலுக்கடியில் ஒரு வலையைத் தொட்டில்போல் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது கொடியும் பூக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கைவேலையைப் பெருமளவு கருவண்டுகள் ஏற்றுக்கொள்ளும். உளுத்துப்போன மரக்கட்டையிலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும், உடல் முழுவதும் கன்னங்கரேலென்று இருக்கும் பெரிய வண்டைத்தான் சொல்கிறேன். அது தேன் குடிக்க அமரும்போது முதுகு மகரந்தப்பையிலும் சூல்முடியிலும் உரசும் அளவுக்கு உயரமானது. தேனீ இந்தப் பூவுக்குக் குட்டை. உள்ளே நுழைந்து மகரந்தத்தை மூட்டை கட்டிக்கொண்டு போகுமே தவிர, பெரும்பாலும் சூல்முடியைத் தொடாது. பந்தலின் ஓரத்தில் காய்ந்த முருங்கைக் கட்டை ஒன்றையோ மூங்கில் துண்டுகளையோ மழை படாமல் கட்டித் தொங்கவிட்டால் வண்டு வந்து தங்கும். வீட்டுக் கதவு நிலையைத் துளைக்கிறது என்று அதை அடித்துக் கொல்பவர்கள் உண்டு. இந்தக் கொடி வைத்திருப்பவர் அப்படிச் செய்யக்கூடாது.


பதில் 3: வடமராட்சி

வணக்கம். எங்கள் ஊரில் கொடித்தோடை என்று நாங்கள் சொல்லும் தாட்பூட் இல்லாத வீட்டு வளவு குறைவு. வேலியிலும் கிணற்றடிப் பந்தலிலும் படர விட்டிருப்பார்கள். மேலே பந்தல்நிழல் அவர்கள் எழுதியதற்குப் பிறகு மகரந்தச் சேர்க்கை பற்றிச் சொல்ல ஒன்றும் மீதமில்லை. புழுவைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எழுதுகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் முள் புழு, செம்மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகள் கொண்டு தாழப் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. தாட்பூட் இனக் கொடிகள் அதற்கு விருப்பமான உணவு. முட்டைகளை இலையில் கூட்டமாக இடுவதால் குஞ்சுப் புழுக்களும் கூட்டமாகவே ஓர் இலையைச் சுரண்டித் தின்னும். அந்தக் கட்டத்தில் இலையோடு கிள்ளி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. வளர்ந்து பரவிய பிறகு கையுறை போட்டுக்கொண்டு பொறுக்க வேண்டியிருக்கும். நன்றாக வளர்ந்த கொடிக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. அது தின்பதைவிட வேகமாகத் தளிர்க்கும். இளங்கன்றைத்தான் கவனமாகக் காக்க வேண்டும், ஏனென்றால் அதன் இலைகள் மொத்தமும் ஓரிரு நாளில் போய்விடலாம். இரசாயன மருந்து அடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பூ விரிந்திருக்கும் பகலில் அடித்தால் முதலில் சாவது உங்களுக்கு வேண்டிய வண்டுதான். கட்டாயம் என்றால் வேப்பெண்ணெய்க் கரைசலை, பூக்கள் கூம்பியிருக்கும் அதிகாலையில், புழு உள்ள தளிர்களில் மட்டும் தெளியுங்கள்.

இலைக்காம்பில் எறும்பு ஊர்வதைக் கண்டு பதற வேண்டாம். இலை தொடங்கும் இடத்தில் இரண்டு சிறு புடைப்புகள் இருக்கும். அவற்றில் சுரக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்புகள் வருகின்றன, கொடிக்கு அவற்றால் தீங்கில்லை. பிஞ்சுக் காயில் ஊசி குத்தியதுபோல் புள்ளி விழுந்து தோல் சுருங்கினால் அது பழ ஈயின் வேலை. அப்படிப்பட்ட காயைப் பறித்து அழித்துவிட்டு, மற்ற பிஞ்சுகளுக்குச் சிறு துணிப்பை கட்டுங்கள்.

தண்ணீர் இல்லாமல் கொடி பிழைத்தது என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. இதன் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்பவை. பூக்கும் காலத்திலும் காய் பருக்கும் காலத்திலும் மண் காய்ந்தால் பிஞ்சு உதிரும், தப்பிய காயும் சுருங்கிச் சாறின்றிப் போகும். அதற்காக அடித்தண்டில் தண்ணீரைக் கொட்டித் தேக்கவும் கூடாது. இந்தக் கொடியை வறட்சியைவிட விரைவாகக் கொல்வது தேங்கிய நீரால் வரும் அடித்தண்டு அழுகல். தண்டிலிருந்து இரண்டு அடி தள்ளி வட்டமாக வாய்க்கால் எடுத்து அதில் பாய்ச்சுங்கள். காய்ந்த இலை, தென்னை மட்டை, வைக்கோல் என்று கிடைப்பதை மூடாக்காகப் போடுங்கள், ஆனால் அது தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள். களை எடுக்க மண்வெட்டியைக் கொண்டுபோகாதீர்கள், மேல் வேர் அறுபட்டால் அந்த வெட்டுவாயிலேயே நோய் நுழையும்.


காவிரிக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் மஞ்சள் தாட்பூட் கொடி இருப்பதை என் மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அந்த வீட்டு அம்மாவிடம் பேசினேன். தங்கள் கொடியும் பூத்துப் பூத்து உதிர்கிறது என்றுதான் அவரும் வருந்தினார். அவர் கன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தாராம். ஆளுக்கு ஆள் பூவை மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்திருக்கிறோம்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. பந்தல் மேல் கொடி மூன்று நான்கு அடுக்காகப் பின்னிக் கிடக்கிறது. உள்ளே வெளிச்சம் புகவில்லை, காய்ந்த இலைகளாக இருக்கின்றன. கவாத்துச் செய்யலாமா? செய்தால் காய்ப்பு போய்விடுமா?


பதில் 4: பந்தல்நிழல் (மார்த்தாண்டம்)

மகிழ்ச்சி. இரண்டு கொடிகளும் வேறு வேறு ஊர் விதை என்பதால் ஒன்றையொன்று ஏற்கும் வாய்ப்பு மிகுதி. அந்த அம்மாவின் வீட்டிலும் காய்க்கட்டும்.

கவாத்து கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் இப்போது முழுமையாகச் செய்ய வேண்டாம். இந்தக் கொடி அந்தப் பருவத்தில் விட்ட புதுத் தண்டில்தான் பூக்கிறது. கணுவுக்கு ஒரு பூ. பழைய தண்டு மீண்டும் பூப்பதில்லை, அதிலிருந்து கிளைக்கும் புதுத் தண்டுதான் பூக்கும். இப்போது பூத்துக்கொண்டிருக்கும் நுனிகளை வெட்டினால் கைவசம் உள்ள பூக்களை இழப்பீர்கள். அதனால் காய்ந்து சுள்ளியானவற்றையும், தரையைத் தொட்டுத் தொங்குகிறவற்றையும், முருங்கையில் ஏறியவற்றையும் மட்டும் இப்போது நீக்குங்கள். பின்னிக் கிடப்பதில் எது எந்தத் தண்டு என்று தெரியாது. ஓரிடத்தில் வெட்டிவிட்டு அப்படியே விடுங்கள். இரண்டு மூன்று நாளில் வாடுவது எது என்று பார்த்து அதை மட்டும் உருவி எடுத்தால் நல்ல தண்டு அறுபடாது.

முதல் காய்ப்பு முடிந்த பிறகு, கடும் வெயில் இல்லாத காலமாகப் பார்த்து, பக்கக் கிளைகளை நான்கைந்து கணு விட்டு வெட்டுங்கள். தரையிலிருந்து பந்தல் வரை செல்லும் முதன்மைத் தண்டையும் பந்தல் மேல் ஓடும் தடித்த கிளைகளையும் தொட வேண்டாம். முற்றிய கட்டையிலிருந்து தளிர் வருவது நிச்சயமில்லை. வெட்டிய கையோடு தொழுவுரமும் தண்ணீரும் கொடுத்தால் சில வாரங்களில் புதுத் தண்டுகள் கிளம்பும். கத்தரியை ஒரு கொடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்முன் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். எவ்வளவு நன்றாகப் பேணினாலும் ஐந்தாறு ஆண்டில் கொடி தளர்ந்துவிடும் என்பதால், இடையிலேயே அடுத்த கன்றை வளர்த்து வைத்திருப்பது நல்லது.

குழந்தைகள் உள்ள வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இலையிலும் பச்சைக் காயிலும் சயனைடை வெளிவிடும் நச்சுப் பொருள்கள் உண்டு; பச்சைக் காயைக் கடிக்க விடாதீர்கள். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, தோல் லேசாகச் சுருங்கும்வரை அறையில் வைத்தால் புளிப்பு சற்றுத் தணியும். மஞ்சள் வகை எப்படியும் ஊதாவைவிடப் புளிப்புதான். விதையோடு மிக்சியில் ஓட்டினால் கருமையான துணுக்குகள் கலந்துவிடும். கரண்டியால் வழித்து வடிகட்டியில் தேய்த்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் போதும்.